முதல்ல செஞ்சவரும் வழிகாட்டினவரும் ஒருத்தரா?

எலக்ட்ரானிக் நடன இசையில ‘ஆசிட் ஹவுஸ்’னு ஒரு வகை உண்டு. 1987-ல சிகாகோவோட ஃப்யூச்சர் குழு வெளியிட்ட ‘ஆசிட் ட்ராக்ஸ்’தான் அதுக்குத் தொடக்கம்னு சொல்வாங்க. ஆனா 1982-லயே மும்பையில, இந்திப் படங்களுக்கு வாசிச்சுட்டிருந்த சரண்ஜித் சிங் கிட்டத்தட்ட அதே ஒலியைப் பதிவு பண்ணிட்டார். ஆல்பம் பேரு ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’.

காரணம் கருவியில இருக்கு. ரோலண்ட் டிபி-303ல ‘ஸ்லைடு’ போட்டா ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும். ராகத்துக்கும் அந்த வழுக்கல்தானே வேணும்! தாளத்துக்கு டிஆர்-808.

வெளிவந்தப்போ யாரும் பெருசா கண்டுக்கல. 2010-ல மறுபடி வெளியானதும் விமர்சகர்கள் சிலர் ‘உலகின் முதல் ஆசிட் ஹவுஸ் ஆல்பம்’னு கொண்டாடினாங்க. மத்தவங்க மறுத்தாங்க: இது டிஸ்கோவிலிருந்து வந்தது, சிகாகோ இளைஞர்கள் இதைக் கேட்டதுக்கு ஆதாரம் இல்லைன்னு.

ரெண்டு பக்கமும் சரிதான். முதல்ல செஞ்சது யாருங்கறது ஒரு கேள்வி. யாரைப் பாத்து மத்தவங்க கத்துக்கிட்டாங்கங்கறது வேற கேள்வி. ப்ராஜெக்ட் ரிவ்யூல ‘இதுல புதுசு என்ன?’ன்னு கேட்டா, இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

நசரத்பேட்டையிலிருந்து பஸ்ல திரும்பும்போது கேட்டுப் பாருங்க. பூபாளி நம்ம மோகனம், மால்கௌன்ஸ் நம்ம ஹிந்தோளம். காது உடனே பிடிச்சுக்கும்.