கொப்பியில் ஏறும் சிலுவைகள்

கேள்வி: சுவாமி, நான் கற்பிட்டிப் பக்கத்துக் கடற்றொழிலாளி. வயது 26, இன்னும் கலியாணம் ஆகவில்லை. சோளகக் காலத்தில் எங்கள் பக்கம் கடல் பெருத்துவிடும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்வோம். அங்கே இரவில் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம் பிடித்துவிட்டது. பாவத்தை விட வேண்டுமென்று ஒரு கொப்பி வாங்கி, பாவத்தில் விழும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிலுவை போட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்கிறேன். பாவசங்கீர்த்தனமும் தவறாமல் செய்கிறேன். சிலுவைகள் கூடுகின்றனவே தவிரக் குறையவில்லை. "பாவத்தைப் பார்க்காதே, இயேசுவைப் பார்" என்கிறார் செபக் கூட்டத்தில் ஒருவர். "முதலில் பாவத்தை வேரோடு பிடுங்கிவிட்டு அவரிடம் போ" என்கிறார் இன்னொருவர். நான் எதில் கவனம் வைப்பது?
— கற்பிட்டி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பாவம் வரிக்கு வரி வருகிறது. இயேசுவின் பெயர் கடைசியில்தான் வருகிறது, அதுவும் இன்னொருவர் சொன்னதாக. முதலாமவர் சொன்னதே சரி. ஆனால் அவர் பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாமவர் சொன்னதைத் தள்ளிவிடுங்கள். பாவத்தை நாமே பிடுங்கி முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமென்றால், அவரிடம் போகும் நாள் யாருக்கும் வராது.

கொப்பி வைத்தது குற்றமில்லை. புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மிகப் பயிற்சிகளில், ஒரு குறையைத் திருத்த நினைப்பவன் நாளுக்கொரு கோடு கீறி, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு புள்ளி வைக்கட்டும் என்றே சொல்கிறார். ஆனால் நாளை ஆராய்ந்து பார்க்க அவர் வகுத்த முறையில் முதற்படி பாவத்தைத் தேடுவதல்ல, அன்று பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது. குறையைத் தேடுவது அதற்குப் பிறகுதான். உங்கள் கொப்பியில் அந்த முதற்படிக்கு இடமே இல்லை.

இதை அவர் பட்டுத்தான் கற்றார். 1522இல் மொன்செராத் மடத்தில் மூன்று நாள் எடுத்துத் தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அப்படியும் மனம் ஆறவில்லை. மன்ரேசா ஊருக்கு வந்த பிறகும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டேனோ என்று பழையவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அந்தத் தவிப்பு முற்றியது. கடைசியில், அறிக்கையிட்டுவிட்ட பாவங்களை இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. பாவத்தில் நாட்டமுள்ளவனை மட்டுமல்ல, பாவத்தையே நினைத்து நடுங்குகிறவனையும் சாத்தான் அதே இடத்தில் கட்டிவைக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார்.

உளவியலாளரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 1987இல் அமெரிக்காவில் டானியல் வெக்னரும் அவருடன் இருந்தவர்களும் மாணவர்களிடம் "வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள்" என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்கே கரடி அதிகம் வந்தது. "இன்றைக்குப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது" என்று வாடியில் படுத்துக்கொண்டு நீங்கள் செய்வதும் இதுதான்.

பேதுரு தண்ணீர்மேல் நடந்த கதையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவரும் உங்கள் தொழில்தான். காற்றைக் கண்டு பயந்த நொடியில் தாழ்ந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இயேசு முதலில் கையை நீட்டிப் பிடித்தார், அதற்குப் பிறகுதான் கடிந்துகொண்டார். நாம் அந்த வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் நம்மை நாமே திட்டித் தீர்த்துவிட்டு, அது போதுமான அளவு ஆனதும் கை நீட்டுவார் என்று காத்திருக்கிறோம். பவுலையும் வாசித்துப் பாருங்கள். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரக் கடைசிப் பகுதி முழுக்க 'நான்', 'நான்', 'நான்'. எட்டாம் அதிகாரத்துக்கு வந்தால் ஆவியானவர் பேச்சுத்தான்.

நம் கரையிலேயே பழைய ஒரு வழி இருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு குருக்கள் இல்லாமல் போன கத்தோலிக்கரைத் தேடி, 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்தவர் புனித யோசேப் வாஸ். 1690இல் புத்தளத்தில் தங்கினார். முப்பது வருடம் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் கிடந்த சனங்களை அவர் தேடிப்போனார், திருந்திவிட்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, 1742இல் இந்த மாவட்டத்துப் போலவத்தையில் மரித்தவர், தமிழில் வியாகுலப் பிரசங்கத்தை எழுதிவைத்தார். தவக்காலத்தில் நம் பாட்டன்மார் கூடியிருந்து கேட்டது அதைத்தான். அது பாவப் பட்டியல் அல்ல, கிறிஸ்துவின் பாடுகள். அவர் பட்டதைக் கேட்டு அழுதவர்களுக்குத் தங்கள் பாவம் தானாகவே கசந்தது. மனஸ்தாபம் பிறக்கும் ஒழுங்கு அது. தன்னையே பார்த்து வருவது பெரும்பாலும் அவமானம்தான். தன்மானம் அடிபட்ட வலியையும் நாம் மனஸ்தாபம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

சரி, வாடியில் எப்படிப் பார்ப்பது? மாற்கு நற்செய்தி 16 அதிகாரம். காலையில் போனைத் தொடுமுன் ஒரு பகுதியை வாசித்து, அதில் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். உங்களுக்குப் புத்தி தேட வேண்டாம். விழுந்துவிட்டால் அந்த மணியிலேயே உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி எழும்புங்கள். அடுத்த பாவசங்கீர்த்தனம்வரை அசுத்தன் என்று ஒதுங்கிக் கிடந்தால், அந்த இடைவெளியில்தான் இரண்டாவது, மூன்றாவது சிலுவை ஏறும். "இந்தக் கிழமை போனதுதானே" என்ற எண்ணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதலாமவர் சொல்லாமல் விட்ட மற்றப் பாதி இது. இயேசுவைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனைத் தலைமாட்டில் வைத்துப் படுக்காதீர்கள். பாவத்துக்கு அடுத்த சந்தர்ப்பத்தை விலக்குவேன் என்று மனஸ்தாபத்தோடு நீங்களே வாக்குக் கொடுக்கிறீர்கள். இரவானால் போன் வாடியில் மூத்தவர் ஒருவரின் பெட்டிக்குள் போகட்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம்பக்கூடிய ஒருவருக்கு மட்டும் காரணத்தைச் சொன்னால் இன்னும் நல்லது. கொப்பியை வைத்திருங்கள், ஆனால் இரவில் நன்றி சொல்ல வேண்டியவற்றை முதலில் எழுதுங்கள். சிலுவைக்குக் கடைசி வரி போதும்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் தலவில அன்னம்மாள் திருவிழாவில், இனிக் குடிப்பதில்லை என்று என் கணவர் நேர்ந்துகொள்வார். கொடியிறக்கி ஒரு மாதம் தாங்காது. இப்போது "நேர்ச்சையை முறித்த பாவி, கோயிலுக்கு வர முகமில்லை" என்கிறார். கசிப்புக்குப் போக மட்டும் முகம் இருக்கிறது. அவரை எப்படித் திருத்துவது?
— சிலாபம் வாசகி

பதில்: தங்கச்சி, அவர் பார்த்துக்கொண்டிருப்பது தன் வைராக்கியத்தை. அது உடைந்ததும் பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இயேசு பிடிபட்ட அதே இரவில் யூதாசும் துரோகம் செய்தான், பேதுருவும் மறுதலித்தார். இருவரும் வருந்தினார்கள். யூதாஸ் தன் செயலோடு தனியே போனான். பேதுருவை ஆண்டவர் திரும்பிப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார், அந்தப் பார்வையில் அவர் அழுதார். உங்கள் கணவர் இப்போது யூதாஸ் போன வழியில் நிற்கிறார். அவரைக் கோயிலுக்குக் கூட்டிவருவதுதான் முதல் வேலை, குடியை நிறுத்துவது அதற்குப் பிறகு. தனிப்பட்ட நேர்ச்சையைத் தகுந்த காரணத்துக்காகத் தளர்த்தப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. போய்க் கேளுங்கள்.

இதைப் பாவம் என்று மட்டும் பார்க்கவும் கூடாது. வருடக்கணக்காகக் குடித்த உடம்பு நோயாளி உடம்பு. திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வைத்தியரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். கசிப்பில் மெதனோல் இருந்தால் கண்பார்வையே போகலாம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில், குடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த பில் என்பவர் குடியில் கிடந்த பாப் என்ற வைத்தியரிடம் தன் கதையைச் சொன்னார். அதிலிருந்துதான் 'ஏ.ஏ.' எனப்படும் குடிநோயாளிகளின் கூட்டங்கள் பிறந்தன. தன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்வதே அவர்களுடைய முதற்படி. நேர்ச்சைக்கு நேர் எதிர். இலங்கையிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

போத்தலை எண்ணுவது உங்கள் வேலையல்ல. கை நீட்டி அடிக்கிறாரென்றால் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போவது பாவமுமல்ல.

கேள்வி: ஒவ்வொரு மாதமும் அதே பாவத்தை அதே சுவாமியிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு பங்குக்குப் போகலாமா?
— மாரவில வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு, திருச்சபைச் சட்டத்தின் 991ஆம் இலக்கம் அதைச் சொல்கிறது. பழைய பாவமே வருகிறது என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, புதிதாக ஒன்று சேரவில்லையே! என்றாலும், முடிந்தால் அதே சுவாமியிடமே போங்கள். மாதாமாதம் கேட்கிறவருக்குத்தான் நீங்கள் எந்த இடத்தில் வழுக்குகிறீர்கள் என்பது தெரியும். நீங்கள் சொன்னதை அவர் எங்கும் வெளியே சொல்ல முடியாது, திருச்சபைச் சட்டம் அதைத் தடுக்கிறது.