ஆங்கில இலக்கணம்: எந்த வழி உங்கள் பிள்ளைக்கு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேர்க்கலாம் சார்?” என்பதுதான். சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர் அரிது. பக்கத்து வீட்டுப் பையன் போகிறான், நாத்தனார் மகள் போகிறாள், நம் பிள்ளையும் போகட்டும் என்று முடிவாகிவிடுகிறது. பிள்ளைக்கு வராதது பேச்சா, எழுத்தா, வாக்கிய அமைப்பா என்று பார்ப்பதற்கு முன்பே பணம் கட்டி ரசீதும் வாங்கியாகிவிடும். இப்படிச் சேர்ந்து, இரண்டு மாதம் கழித்து “எனக்கு இங்கிலீஷே வராது” என்று மனம் ஒடிந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ரென் அண்ட் மார்ட்டின் வீட்டில் இருக்கட்டும். சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்க நல்ல புத்தகம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் சோர்வுதான் மிஞ்சும். தானாகப் படிக்கும் மாணவருக்கு ரேமண்ட் மர்ஃபியின் புத்தகம் ஏற்றது. இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, பின்னால் விடை. செய்தித்தாள் வாசிப்பு எப்போதும் நல்லது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறுகிய காலத்தில் சரளமாகப் பேசவைப்பதாகச் சொல்லும் வகுப்புகள் பெரும்பாலும் டென்ஸ் அட்டவணையில்தான் தொடங்குகின்றன. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை என்று மொத்தம் 12 கட்டங்கள். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். ‘வில் ஹேவ் பீன் கோயிங்’ வரை பிசகாமல் வருகிறது. அடுத்து சுய அறிமுகம். பெயர், ஊர், அப்பாவின் வேலை, பொழுதுபோக்கு எல்லாம் மனப்பாடம். எழுதிக் கொடுத்தது தீரும்வரை பேச்சு ஓடுகிறது. “நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். ‘ஐ ஆம் கோ டு ஷாப்’ என்று பதில் வரும். 12 கட்டங்களும் தெரிந்த பிள்ளைதான் அது. வினைச்சொல் என்னென்ன வடிவம் எடுக்கும் என்று அட்டவணை காட்டியது. ஒரு வாக்கியத்தில் யார், என்ன செய்தார், எதைச் செய்தார் என்று சொற்களைப் பொருத்தும் விதத்தை அது காட்டவில்லை.

அடித்தளம் உள்ள பிள்ளைக்கு இந்த வகுப்பு உதவாது என்று சொல்ல மாட்டேன். நன்றாக வாசிக்கிறான், தப்பில்லாமல் எழுதுகிறான், கூச்சத்தால் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். அவனைத் தாராளமாக அனுப்புங்கள். மற்றவர்களுக்கு அது வழி அல்ல.

நான் கைகாட்டுவது பழைய வழி: வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரித்து வரைவது. அமெரிக்காவில் ஸ்டீபன் கிளார்க் என்பவர் 1847இலேயே சொற்களைக் குமிழ்களுக்குள் எழுதிக் காட்டினார். புரூக்ளினில் ஆசிரியர்களாக இருந்த அலான்சோ ரீடும் பிரெய்னர்ட் கெல்லாக்கும் 1877இல் வெளியிட்ட ‘ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்’ நூலால் கோட்டு முறை அங்கே பள்ளிதோறும் பரவியது.

செய்முறை எளிது. குறுக்கே ஒரு கோடு. அதை வெட்டி மேலும் கீழும் நீளும் ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. செயப்படுபொருள் இருந்தால் வினைக்குப் பின் இன்னொரு செங்குத்துக் கோடு. இது அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்காது. அடைமொழிகள் தாங்கள் சேரும் சொல்லுக்குக் கீழே சாய்கோடுகளில் நிற்கும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் தமிழ் வகுப்பில் நம் பிள்ளைகள் படித்தவைதான். ‘க்ளோஸ் த டோர்’ என்பதில் எழுவாய் எங்கே என்று கேட்டால், தமிழ் இலக்கணம் படித்த பிள்ளை “தோன்றா எழுவாய்” என்று உடனே சொல்லும். எழுவாயின் இடத்தில் ‘யூ’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் முடிந்தது.

‘மை ஃபாதர் எ ஃபார்மர்’ என்று எழுதும் மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘என் அப்பா விவசாயி’ என்று தமிழில் வினையே இல்லாமல் முடிக்கலாம்; அந்தப் பழக்கத்தில் வரும் பிழை. “இஸ் போடணும்” என்று எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் திரும்ப வரும். கோடு வரையச் சொல்லுங்கள். இடப்பக்கம் ‘ஃபாதர்’ என்று எழுதுவாள். வலப்பக்கம் வினையின் இடம் காலியாக இருக்கும். பென்சில் அங்கே நிற்கும்; விட்டுப்போன சொல்லை அவளே கண்டுபிடிப்பாள்.

இன்னொன்று: ‘த கலர் ஆஃப் தீஸ் ஃப்ளவர்ஸ் ஆர் நைஸ்’. கல்லூரி மாணவர்களும் செய்யும் பிழை. காதுக்கு மிக அருகில் ‘ஃப்ளவர்ஸ்’ ஒலிப்பதால் ‘ஆர்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. வரைந்தால் ‘ஆஃப்’ சாய்கோட்டிலும் ‘ஃப்ளவர்ஸ்’ அதன் கீழேயும் இறங்கிவிடும். மேலே அடிக்கோட்டில் ‘கலர்’ மட்டும் தனியாக இருக்கும். அது ஒருமை, ஆகவே ‘இஸ்’.

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. எழுத்தோடு சேராத தனி இலக்கணப் பயிற்சியால் மாணவர் எழுத்து மேம்படவில்லை என்று கூறி, அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் 1985இல் தீர்மானம் போட்டது. அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த பிள்ளைகளைப் பெரும்பாலும் மனத்தில் வைத்த பேச்சு. வீட்டில் தமிழ் பேசி, வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய பிள்ளைக்கு அந்த வாதம் அப்படியே பொருந்தாது என்பது என் வகுப்பறை அனுபவம். குறைகளும் இருக்கின்றன. காலம், ‘எ’வா ‘த’வா என்பதையெல்லாம் கோடு கற்றுத்தராது. கேள்வி வாக்கியத்திலும் எழுவாயே முதலில் வருமாறு வரைவதால், சொல் வரிசை மாறுவது படத்தில் தெரியாது. அதற்கு வாசிப்பும் மர்ஃபியும் துணைக்கு வேண்டும்.

பிள்ளையின் இயல்பையும் பாருங்கள். காதால் கேட்டே பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கதை கேட்பதும் உரக்க வாசிப்பதும் போதும். கணக்கில் படிப்படியாக எழுதப் பிடித்தவர்களும், கையால் செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும் என்பவர்களும் கோட்டு முறையில் வேகமாக முன்னேறுகிறார்கள். மாணவர்களே, மொழி மெதுவாகத்தான் வரும். பக்கத்துப் பெஞ்சுக்காரன் பேசுகிறானே என்று பதறாதீர்கள். அவனுக்கு வந்த வழி உங்களுக்கு வராமல் போனால் அது உங்கள் அறிவுக்குக் குறைவல்ல.

கோடு போடாத ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். பாடப்புத்தகத்திலிருந்து ஒரே வினையுள்ள சின்ன வாக்கியங்களாகத் தினம் ஐந்து பொறுக்கி வரையுங்கள். அடைமொழி எந்தச் சொல்லோடு சேரும் என்று யாரையும் கேட்காமல் சாய்கோடு போட வரும்வரை ‘அண்ட்’, ‘பட்’ உள்ள வாக்கியங்களுக்குப் போகாதீர்கள். ‘விச்’, ‘தட்’ வரும் நீள வாக்கியங்கள் அதற்கும் பிறகு. பெற்றோர் அருகில் உட்கார்ந்து வினை எங்கே என்று மட்டும் கேட்டால் போதும். அதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.