எயிலன்பேர்க் ஊரின் போதகர்

ஜேர்மனியில் சக்சனி நாட்டின் எயிலன்பேர்க் என்னும் சிறு பட்டினத்திலே, பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1586 இல் மார்ட்டின் றிங்கார்ட் பிறந்தார். 1617 இல் சொந்த ஊருக்கே போதகராக வந்தார். அடுத்த ஆண்டே முப்பது வருட யுத்தம் மூண்டது.

மதில் சூழ்ந்த ஊர் அது. ஆதலால் சுற்றுக் கிராமத்துச் சனங்கள் அங்கே தஞ்சம் புகுந்தனர். ஓர் ஊருக்குள் பல ஊர்கள் அடைந்து கிடந்தால் என்ன நேரும் என்று நாம் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. 1637 இல் கொள்ளைநோய் பரவியது. உடன் ஊழியர் இருவர் மாண்டனர். தலைமைப் போதகர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அதை நாம் குற்றமாக எடுக்கவில்லை, ஓடியவர்களின் நிலை எமக்குத் தெரியும். றிங்கார்ட் தனித்து நின்று 4,000 இற்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். அந்த ஆண்டிலேயே அவரது மனைவியும் இறந்தார்.

பின்பு பஞ்சம். கையிலிருந்ததை ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, தம் பிள்ளைகளின் அப்பத்துக்கும் உடுப்புக்குமாக இனி வரவேண்டிய சம்பளத்தை அடகு வைத்தார். சுவீடன் படையினர் 30,000 தாலர் கப்பம் கேட்டபோது, மன்றாடி 2,000 புளோரினாகக் குறைப்பித்தவரும் இவரே.

இவர் இயற்றிய நன்றிப் பாட்டு இன்றும் பல மொழிகளில் பாடப்படுகிறது. 1648 இல் சமாதானம் வந்த மகிழ்ச்சியில் எழுதியதென்று பலர் சொல்வர். அது சரியல்ல. 1647 இலேயே யொஹான் குறூகரின் பாட்டுப் புத்தகத்தில் இராகத்தோடு அது அச்சாகிவிட்டது. றிங்கார்ட்டின் நூலில் அதற்குள்ள தலைப்பு, உணவுவேளைச் சிறுஜெபம் என்பதே. சமாதானம் வந்த மறு ஆண்டு, 1649 டிசெம்பரில், அவர் காலமானார்.