ஆங்கிலம் பயிற்றுவோர்க்கும் பயிற்சி வேண்டும்

பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தில் எண்பது மதிப்பெண் பெற்ற பெண், கல்லூரியில் சேரும் நாளில் தன் ஊரையும் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கி நிற்பதைக் காண்கிறோம். வினா விடைகளை நெட்டுருப் போட்டு எழுதத் தெரிந்தவளுக்கு இரண்டு வாக்கியம் பேச வரவில்லை. பட்டப்படிப்பின் பாடங்கள் பலவும் ஆங்கிலத்திலேயே நடைபெறுவதால், முதல் ஆண்டிலேயே மனம் சோர்ந்து படிப்பைக் கைவிடும் பெண்களும் உண்டு. "பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறவில்லை" என்று பெற்றோர் வருந்துகின்றனர். குறை பிள்ளையிடம்தானா? பயிற்றும் முறையையும், பயிற்றுவோர் பெறும் பயிற்சியையும் சற்றே ஆராய்வோம்.

நம் ஊர்க் கல்வெட்டு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நம் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுரசாலை இங்கு நடந்ததை அது கூறுவதைப் பலரும் அறிவர். அதே கல்வெட்டு ஒரு பாடசாலையைப் பற்றியும் கூறுகிறது. வேதம் ஓதுவிப்பவர்களோடு வடமொழி இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் ஊதியமும், மாணவர்க்கு உணவும் அங்கே வகுக்கப்பட்டிருந்தன. ஆதலின், வேறொரு மொழியை ஆசிரியரிடம் கற்பது இவ்வூருக்குப் புதிதன்று. அன்று நூலைக் கற்பதற்கு இலக்கணம் போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று நம் மாணவியர்க்கு வேண்டியதோ கேட்கவும், பேசவும், படித்துப் புரிந்துகொள்ளவும், சொந்தமாக எழுதவும் உதவும் மொழி.

உருண்டு வந்த பனிப்பந்து

1950களில் சென்னை மாநிலத்தில் புதிய ஆங்கிலப் பாடத்திட்டம் வந்தது. எளிய வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, வாய்மொழிப் பயிற்சியாகக் கற்பிப்பது அதன் நோக்கம். ஆனால் அதைக் கற்பிக்க அறிந்த ஆசிரியர் மிகச் சிலரே. எனவே 1959-இல் மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து பெரியதொரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. முதலில் தேர்ந்த சிலருக்குப் பயிற்சி அளிப்பது, அவர்கள் மற்றவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என்று ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களை எட்டுவதே திட்டம். மலையிலிருந்து உருளும் பனிப்பந்து போகப் போகப் பெருப்பது போன்றது என்பதால் இதனைச் 'சென்னைப் பனிப்பந்து' என்று அழைத்தனர்.

இது அரும்பெரும் முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் கை மாறிக் கை மாறிச் செல்லும் பயிற்சி கடைசி ஆசிரியரை அடையும்போது நீர்த்துப் போவது இயல்பு. செய்யும் வழி வந்து சேர்கிறது. அப்படிச் செய்வது ஏன் என்ற தெளிவு வழியிலேயே கரைந்துவிடுகிறது.

பெங்களூர்த் திட்டம்

தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்காக 1963-இல் பெங்களூரில் வட்டார ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் அமைந்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, அந்நிறுவனத்தின் துணையோடு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களில் சில வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியைச் சொல்லி ஒப்பிக்கச் செய்யாமல், ஆங்கிலத்தின் வழியாகச் சிந்தித்துத் தீர்க்க வேண்டிய பணிகளை மாணவர்க்குக் கொடுத்தார். வரைபடம், கால அட்டவணை போன்றவையே பாடப் பொருளாயின.

நம் வகுப்பில் இதைச் செய்வதாகக் கொள்வோம். பழையசீவரம் நிலையத்தில் நிற்கும் இரயில்களின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுகிறோம். காலை பத்து மணிக்குக் காஞ்சியில் இருக்க வேண்டுமானால் எந்த வண்டியில் ஏற வேண்டும்? அதைத் தவறவிட்டால் என்ன செய்வது? இவ்வாறு ஆங்கிலத்தில் கேட்கிறோம். முதலில் ஆசிரியையும் வகுப்பும் சேர்ந்து ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டும். பிறகு அதைப் போன்ற இன்னொன்றை மாணவி தனியே தீர்க்க வேண்டும். அவள் மனம் விடையைத் தேடுகிறது. மொழி அதற்குக் கருவியாகிறது.

1984-இல் பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் இவ்வகுப்புகளைப் பிற வகுப்புகளோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறையில் கற்றோர் முன்நின்றனர். மொழியைப் பயன்படுத்தும் தேர்வுகளில் திட்ட மாணவர் மேம்பட்டனர். தேர்ந்த ஆசிரியர்கள் கற்பித்ததால்தான் இந்த வெற்றி என்று சிலர் குறை கூறினர். 1990-இல் வெளிவந்த பெரெட்டாவின் மற்றோர் ஆய்வும், திட்டத்தில் சேர்ந்த வழக்கமான பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் அம்முறையை முழுமையாகக் கைக்கொள்ளவில்லை என்று காட்டியது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: முறை எத்துணைச் சிறந்ததாயினும், அதை உணர்ந்து கையாளும் ஆசிரியர் இல்லையேல் பயன் இல்லை.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

முதலாவது, காத்திருத்தல். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், வினாக் கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடியே காத்திருந்ததைக் கண்டார். மூன்று நொடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்த பிள்ளைகளும் பேசினர். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய பெண்ணுக்கு இந்த மூன்று நொடி எத்துணைப் பெரிய உதவி!

இரண்டாவது, திருத்தும் பாங்கு. "யெஸ்டர்டே ஐ கோ காஞ்சிபுரம்" என்கிறாள் ஒருத்தி. "தவறு, உட்கார்" என்றால் அவள் மறுமுறை எழமாட்டாள். "ஓ, யூ வென்ட் டு காஞ்சிபுரம் யெஸ்டர்டே!" என்று ஆசிரியை மறுமொழி கூறினால், திருத்தமும் ஆயிற்று, பேச்சும் தொடர்கிறது.

மூன்றாவது, தாய்மொழி அறிவு. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவில் வருகிறது. 'ஏ', 'தி' போன்ற சிறு சொற்கள் தமிழில் இல்லை. நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அதற்குரிய சொல் முன்னே நிற்கிறது. பிள்ளை எங்கே இடறுகிறாள் என்பதை இவற்றை அறிந்த ஆசிரியை முன்கூட்டியே உணர்வாள். தமிழை வகுப்பிலிருந்து விரட்ட வேண்டியதில்லை; அளவோடு துணைக்கு அழைத்தால் போதும்.

நான்காவது, எல்லாப் பாட ஆசிரியர்க்கும் பங்கு. குடத்தை இடுப்பில் தாங்கி அசையாமல் நிற்பது வீட்டில் வேலை. இயற்பியலில் அது 'ஒர்க்' ஆகாது. இத்தகைய சொற்களை அறிவியல் ஆசிரியையே விளக்க வேண்டும். இது ஆங்கில ஆசிரியை ஒருவரால் ஆகும் காரியமன்று.

பெற்றோருக்கும் மாணவியர்க்கும்

பட்டு நெசவில் கோர்வைச் சேலையைப் புத்தகம் படித்து நெய்தவர் உண்டா? தறியில் அமர்ந்து, பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, நூல் அறுந்தால் முடிந்து, மீண்டும் நெய்தே கை பழகுகிறது. மொழியும் அத்தகையதே. பெற்றோரே, மகள் வீடு திரும்பியதும் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு, இன்று ஆங்கிலத்தில் என்ன பேசினாய் என்றும் கேளுங்கள். மாணவியரே, தவறு வந்துவிடுமே என்று வாய் மூடியிராதீர். ஆசிரியைகளாகிய நாமும் ஒருமுறை பெற்ற பயிற்சியே போதுமென்று இராமல், ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து பார்த்து, மாதம் ஒருமுறையேனும் கூடிக் கலந்து பேசுவோம். கற்றுக்கொண்டேயிருக்கும் ஆசிரியையிடம்தான் மாணவி அச்சமின்றிப் பேசக் கற்பாள்.