நட்ட ரோஜா துளிர்க்கவில்லையா?

ரோஜா நட்டு இரண்டு வாரம் ஆனதும் விவசாயிகளிடமிருந்து வரும் கேள்வி இது: "செடி குச்சியாகவே நிற்கிறது. யூரியா வைக்கலாமா, பிடுங்கிவிடலாமா?" இரண்டும் வேண்டாம்.

ஒசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வாங்கும் ஒட்டுச் செடிகள் மண் உருண்டையோடு கட்டித்தான் வரும். வழியில் மண் உதிர்ந்து, கோவை வந்து, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறித் தோட்டம் சேர்வதற்குள் வெறும் வேர்தான் மிஞ்சும். தண்ணீரை உறிஞ்சுவது நூல் போன்ற சல்லி வேர்கள். காற்றுப் பட்டால் முதலில் சாவதும் அவைதாம். ஆகவே சாக்கை நனைத்துச் சுற்றிக் கொண்டு வாருங்கள். மண் உதிர்ந்த செடியை ஓர் இரவு தண்ணீரில் வேர் முழுக ஊறவைத்து, மறுநாள் மாலை நடுங்கள்.

நட்ட செடிக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய, பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் பொறுத்திருக்கலாம். பழுப்பாக இருந்தால் கீழே இறங்கிக் கீறுங்கள். பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு மொட்டுக்குக் கால் அங்குலம் மேலாக, சாய்வாக வெட்டிவிடவும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துத் தடவினால் நுனிக்கருகல் இறங்காது. ஒட்டுக்கட்டிய இடம் வரை பழுப்பு என்றால் அந்தச் செடி போனதுதான்.

துளிர்த்து, நான்கு இலை விட்டு, பிறகு வாடுகிற செடிதான் நம்மை அதிகம் ஏமாற்றும். தண்டில் சேமித்திருந்த உணவைக் கொண்டு வந்த துளிர் அது. கீழே புது வேர் இன்னும் ஓடவில்லை. இந்த நேரத்தில் யூரியா வைத்தால் இருக்கிற வேரும் கருகும். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்று சாய்த்து வையுங்கள். முதலில் வரும் பூமொட்டைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் கிள்ள வேண்டும்.

வாடுகிறதே என்று குடம் குடமாக ஊற்றவும் கூடாது. இரண்டு அங்குலம் மண்ணைக் கிளறிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் பாய்ச்சவும். கரிசல் மண்ணில் குழியே தொட்டியாகித் தண்ணீர் தேங்கும். ஒரு செடியின் ஓரத்தில் தோண்டிப் பாருங்கள். வேர் கறுத்து, தோல் உரிந்து, நாற்றம் அடித்தால் அழுகல். அங்கே மேட்டுப்பாத்தி போட்டு நடுவதே வழி. சப்பைத் தண்ணீர் பாய்கிற தோட்டங்களில் இலை ஓரம் கருகும். கிடைத்தால் முதல் மாதமாவது நல்ல தண்ணீர் கொடுங்கள்.

வேகாத தொழு உரம் குழியில் சூடு கிளப்பும்; கறையானையும் அழைக்கும். மக்கிய எருவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இடுவது நலம்.

இன்னொன்று. ஒட்டுக்குக் கீழிருந்து கொழுகொழுவென்று கிளம்பும் தளிரைக் கண்டு மகிழ வேண்டாம். அது வேர்ச்செடியின் கிளை. எட்வர்டு ரோஜாவாகவோ காட்டு ரோஜாவாகவோ இருக்கும். விட்டால் ஒட்டை அமுக்கிவிடும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலேயே பிய்த்தெடுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது.