மின்னஞ்சலுக்குப் பூட்டும் முத்திரையும்

அஞ்சலட்டையில் எழுதியதை வழியில் எவரும் படித்துவிடலாம். உறையிலிட்டு ஒட்டிய கடிதத்தை அவ்வாறு படித்தல் இயலாது. ஆயினும், அஞ்சலட்டையில் எழுதத் தயங்கும் செய்திகளையெல்லாம் மின்னஞ்சலில் தயக்கமின்றி எழுதிவிடுகிறோம். மின்னஞ்சல் செல்லும் வழி இன்று பெரும்பாலும் காப்புடையதே எனினும், இடையிலுள்ள சர்வர்களில் அது திறந்த கடிதமாகவே தங்குகிறது. எழுதியவரும் பெறுபவரும் தவிரப் பிறர் படிக்க இயலாதவாறு அதனைக் காக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

இரு திறவுகோல்கள்

பண்டைய மறைகுறி முறைகளில், பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோல் பயன்பட்டது. அத்திறவுகோலைத் தொலைவிலுள்ளவரிடம் பத்திரமாகச் சேர்ப்பதே பெருந்தொல்லையாயிருந்தது. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்குப் புதுவழி காட்டினர். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அவ்வழியில் செயல்முறை ஒன்றை வகுத்தனர். இதன்படி ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் உண்டு. பொதுத் திறவுகோலை எவருக்கும் கொடுக்கலாம். அது பூட்ட மட்டுமே உதவும். பூட்டியதைத் திறப்பது உரியவரிடமுள்ள தனித் திறவுகோல் ஒன்றே.

இதன் அடிப்படை எளிய கணிதமே. 61-ஐ 53-ஆல் பெருக்கி 3,233 எனக் கூறுதல் எளிது. 3,233-ஐ மட்டும் கொடுத்து அதன் பகா எண் காரணிகளைக் கேட்டால் சிறிது நேரம் பிடிக்கும். இன்று வழங்கும் 2,048 பிட் திறவுகோலில் இப்பெருக்கற்பலன் 617 இலக்கங்கள் உடையது. அதனைப் பகுத்தல் இன்றைய கணிப்பொறிகளுக்கு இயலாத செயல்.

சான்றிதழ் எதற்கு?

ஒருவர் பெயரால் மற்றொருவர் தம் பொதுத் திறவுகோலைக் கொடுத்து ஏமாற்றக் கூடுமன்றோ? அதனைத் தடுப்பதே சான்றிதழ். இன்ன திறவுகோல் இன்ன மின்னஞ்சல் முகவரிக்கு உரியது என்று நம்பகமான நிறுவனம் ஒன்று கையொப்பமிட்டுத் தருவதே அது. நம் நாட்டில், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, இத்தகைய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் உள்ளார். கையொப்பத்திற்கு மட்டுமென வழங்கிய சான்றிதழ் மறையாக்கத்திற்கு உதவாது. ஆதலின் வாங்கும்போதே பயனைக் கேட்டறிதல் வேண்டும்.

அமைக்கும் முறை

தண்டர்பேர்டு என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சான்றிதழும் தனித் திறவுகோலும் அடங்கிய கோப்பு, கடவுச்சொல்லுடன் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

1. ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்’ என்பதைத் திறக்க.

2. எஸ்/மைம் சான்றிதழ்களை நிர்வகிக்கும் பொத்தானை அழுத்தி, நம் சான்றிதழ்களுக்குரிய பிரிவில் ‘இம்போர்ட்’ வாயிலாக அக்கோப்பைச் சேர்க்க.

3. கையொப்பத்திற்கும் மறையாக்கத்திற்கும் அச்சான்றிதழைத் தேர்ந்தெடுக்க.

4. நண்பருக்கு முதலில் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று அனுப்புக. நம் சான்றிதழ் அதனுடன் செல்லும். அவரும் அவ்வாறே விடையனுப்பினால், அவருடைய பொதுத் திறவுகோல் நம்மிடம் சேரும்.

5. அதன்பின் கடிதம் எழுதுகையில் மறையாக்கத்தைத் தேர்ந்து அனுப்புக.

நண்பரின் சான்றிதழ் இல்லாமல் அவருக்குப் பூட்டிய கடிதம் அனுப்ப இயலாது. தொடக்கத்தில் பலர் தடுமாறுவது இவ்விடத்திலேயே.

கவனிக்க வேண்டியவை

இம்முறையில் கடிதத்தின் உள்ளடக்கமும் இணைப்புகளும் மறைகின்றன. பொருள் வரியும் முகவரிகளும் பொதுவாக மறைவதில்லை. ஆதலின் இரகசியத்தைப் பொருள் வரியில் எழுதலாகாது.

தனித் திறவுகோல் தொலைந்தால், அதன் பிரதி எங்கும் இல்லையெனில், அதனால் பூட்டிய பழைய கடிதங்களை நாமும் படிக்க இயலாது. புதிய சான்றிதழ் பெற்றாலும் அவை திறவா. எனவே திறவுகோலின் பிரதியொன்றைக் கடவுச்சொல்லிட்டுக் கணிப்பொறிக்கு வெளியே பத்திரப்படுத்துக. சான்றிதழின் காலம் முடிந்த பின்னரும் பழைய திறவுகோலை அழித்துவிடலாகாது. பிறர் கைக்கு அது சென்றதாக ஐயம் தோன்றினால், உடனே வழங்கிய நிறுவனத்திற்கு அறிவித்துச் சான்றிதழை இரத்துச் செய்தல் வேண்டும்.

பூட்டு எத்துணை உறுதியாயினும், காவல் திறவுகோலை வைத்திருப்பவரிடமே உள்ளது.