துருப்பிடித்த இராணுவ லாரியை ஓட வைப்பது எப்படி?

பிரான்ஸ் நாட்டின் வடக்குக் கடற்கரையில் நார்மண்டி என்ற பகுதி இருக்கிறது. 1944 ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் அங்கே கரையிறங்கின. அதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூன் தொடக்கத்தில் அப்பகுதிச் சாலைகளில் மங்கிய பச்சை நிற இராணுவ வண்டிகள் வரிசையாகச் செல்லும். ஓட்டுபவர்களில் பலர் சாதாரணக் குடிமக்கள். குப்பையாகக் கிடந்த வண்டிகளை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்து, விடுமுறை நாள்களில் செப்பனிட்டவர்கள்.

அவ்வண்டிகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. லாரி. படைவீரர்கள் செல்லமாக வைத்த பெயர் 'ஜிம்மி'. கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும். மூன்று அச்சுகளுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்லும். போர்க்காலத்தில் 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, முன்னேறிச் செல்லும் படைகளுக்குப் பெட்ரோலும் குண்டுகளும் உணவும் சுமந்த 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற போக்குவரத்தின் முதுகெலும்பு இந்த லாரிதான். அதன் ஓட்டுநர்களில் நாலில் மூன்று பங்கினர் அமெரிக்கக் கறுப்பின வீரர்கள். ஆகவே இத்தகைய லாரி ஒன்றைத் தொடும்போது இரும்பை மட்டும் தொடுவதாக எண்ணிவிடக் கூடாது. அவசரப்பட்டால் இரும்பும் கெடும், அதில் ஒட்டியிருக்கும் வரலாறும் போய்விடும்.

இப்படிப்பட்ட லாரி ஒன்று ஒரு கொட்டகையில் நாற்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிப் பார்க்கிறோம். நகரவில்லை. ஏன்?

இது ஆறு சிலிண்டர் எஞ்சின். எந்த நிலையில் நின்றாலும் சில சிலிண்டர்களின் வால்வுகள் திறந்தே இருக்கும். அவ்வழியே ஈரக்காற்று உள்ளே போகிறது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. வால்வுகள் மூடியிருந்த சிலிண்டர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. எந்தச் சிலிண்டர் கெட வேண்டும் என்பதை, எஞ்சின் கடைசியாக நின்ற நிலையே முடிவு செய்துவிடுகிறது!

துரு ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது? ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 56 கிராம் இரும்பின் பருமன் ஏறத்தாழ 7 கன செ.மீ. அவ்வளவு இரும்பும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெரிக் ஆக்சைடு ஆனால் பருமன் 15 கன செ.மீ. ஆகிறது. நீரும் சேர்ந்த துரு என்றால் 20க்கும் மேல். தலைமயிர் அளவே உள்ள இடுக்கில், இரண்டு மூன்று மடங்கு வீங்கிய பொருள் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும்.

பொறுமையற்றவர் இப்போது சம்மட்டியை எடுப்பார். பிஸ்டனின் தலை உடையும், அல்லது இணைப்புத்தண்டு வளையும். விவரம் தெரிந்தவர் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மிக மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அதற்கும் கணக்கு உண்டு.

நுண்புழை ஏற்றம் பற்றிப் படித்திருப்பீர்கள். பரப்பு இழுவிசை காரணமாக எண்ணெய் இடுக்குக்குள் தானாகவே இழுக்கப்படுகிறது. இடுக்கு குறுகக் குறுக இழுக்கும் அழுத்தம் மிகும். 'அப்படியானால் குறுகிய இடுக்கில் எண்ணெய் விரைவாகப் போகும் அல்லவா?' என்று கேட்பீர்கள். இல்லை. இடுக்கின் அகலம் பாதியானால் இழுக்கும் அழுத்தம் இருமடங்காகிறது; ஆனால் எண்ணெயின் பாகுநிலையால் வரும் தடை நான்கு மடங்காகிவிடுகிறது. எனவே வேகம் குறைகிறது. மேலும், எண்ணெய் உள்ளே போகப் போக, அது இழுத்துச் செல்ல வேண்டிய நீளமும் கூடுகிறது. முடிவு என்னவென்றால், எண்ணெய் சென்ற தொலைவு காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முதல் 1 செ.மீ. செல்ல ஒரு மணி நேரம் ஆனால், 2 செ.மீ. செல்ல 4 மணி, 3 செ.மீ. செல்ல 9 மணி, 10 செ.மீ. செல்ல 100 மணி. அதாவது நான்கு நாள்களுக்கும் மேல். முதல் நாள் மாலையே 'எண்ணெய் பயன்படவில்லை' என்று சம்மட்டியைத் தேடுபவர் எவ்வளவு தவறு செய்கிறார் பாருங்கள். எண்ணெயின் பாகுநிலை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே காலத்தில் இருமடங்கு தொலைவு போகும். கெட்டியான எஞ்சின் எண்ணெயை விட்டுவிட்டு மெல்லிய கலவையைத் தேடுவது இதனால்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சிறிய கண்ணாடித் தகடுகள் இரண்டை ஒட்டவைத்து, கீழ் விளிம்பைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து நிறுத்துங்கள். மற்றொரு சோடியை விளக்கெண்ணெயில் நிறுத்துங்கள். கடிகாரத்தை வைத்து, எண்ணெய் ஏறும் உயரத்தைக் குறித்து வாருங்கள்.

சில நாள் கழித்து, எஞ்சினின் பல்சக்கரத்தை நீண்ட கம்பியால் மெல்ல முன்னும் பின்னும் அசைப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் வெற்றிதான். ஒரே திசையில் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் ஆட்டும்போது துரு பொடியாகி, புதிய எண்ணெய் உள்ளே போகும்.

அடிச்சட்டத்திலுள்ள நட்டுகளுக்கு வேறு வைத்தியம். நட்டை மட்டும் வாயுச் சுடரால் சூடாக்குகிறார்கள். இரும்பின் நீள் விரிவெண் டிகிரிக்கு 0.000012. 20 மி.மீ. துளை 200 டிகிரி சூடேறினால் 0.05 மி.மீ. அகலமாகும். மிகச் சிறிய அளவுதான்; ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். அந்தச் சூட்டில் மெழுகுவத்தியைத் திருகில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் தொட்டியின் அருகில் இதைச் செய்வதே கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

கழற்றிய சிறு பாகங்களின் துருவை நீக்க மின்பகுப்பு உதவுகிறது. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தை எதிர்மின்வாயாகவும், வேண்டாத இரும்புத் தகட்டை நேர்மின்வாயாகவும் தொங்கவிட்டு, மின்கல மின்னேற்றியால் சில ஆம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்துகிறார்கள். துருவின் ஒரு பகுதி ஒடுக்கமடைந்து கறுப்பு ஆக்சைடாக மாறித் தளர்ந்து விழுகிறது. நல்ல இரும்பு தேய்வதில்லை. நேர்மின்வாய்க்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். உப்பைக் கரைத்தால் குளோரின் வரும். எப்படிச் செய்தாலும் ஹைட்ரஜன் வெளிப்படுவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வில்சுருள்களை இதில் போடக் கூடாது. கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

இனி மின்சுற்று. இந்த லாரியின் மின்கலம் 6 வோல்ட். எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்கு 1200 வாட் தேவை என்று கொள்வோம். 12 வோல்ட் வண்டியில் 100 ஆம்பியர் போதும். இங்கே 200 ஆம்பியர் வேண்டும். மின்கலத்தின் ஒரு முனை அடிச்சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. அந்த இடத்தில் துருவால் வெறும் 0.01 ஓம் மின்தடை ஏற்பட்டாலும் 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். மூன்றில் ஒரு பங்கு! விளக்கு எரியும், மோட்டார் முனகும். பலர் புது மின்கலம் வாங்கிப் பணத்தை வீணாக்குவார்கள். மோட்டாரை இயக்கும்போது வோல்ட்மானியை அந்த இணைப்பின் இருபுறமும் வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். உப்புத்தாளால் தேய்ப்பதே மருந்து.

பழமையைக் காப்பதுதான் நோக்கம் என்றாலும் இரண்டு இடங்களில் அதற்கு இடமில்லை. ஒன்று பிரேக். பாஸ்கல் விதிப்படி இயங்கும் ஒரே திரவச் சுற்றுதான் எல்லாச் சக்கரங்களுக்கும். எங்கோ ஓர் எஃகுக் குழாய் ஓட்டையானால் எல்லாப் பிரேக்குகளும் போய்விடும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுவதால் குழாய்கள் உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே அத்தனை குழாய்களையும் மாற்றிவிட வேண்டும். மற்றொன்று சக்கரம். டயரைப் பூட்டு வளையம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. 51 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் 4 செ.மீ. அகலத்துக்கு, சதுர செ.மீ.க்கு 4 கிலோகிராம் வீதம் காற்றழுத்தம் தாக்கினால் மொத்தம் இரண்டரை டன் விசை! துருவால் நைந்த வளையம் தெறித்தால் எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. முதலில் காற்றை முழுதும் இறக்கிவிட்டுத்தான் கழற்றுவார்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிப்பார்கள். இவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்.

கடைசியில் வண்ணம். மணலை வேகமாகப் பீச்சியடித்தால் ஒரே நாளில் பழைய வண்ணம் முழுதும் போய்விடும். மெல்லிய தகடு நெளிந்துவிடுவதும் உண்டு. எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. இந்த லாரிகள் பல, போருக்குப் பின் பிரெஞ்சு இராணுவத்தில் நெடுங்காலம் உழைத்தவை. வண்ணத்தின்மேல் வண்ணம் பூசப்பட்டவை. எஞ்சின் மூடியின் பக்கங்களில், 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் அமெரிக்கப் பதிவெண் அடியில் இருக்கலாம். முன் தாங்கு சட்டத்தில் அது எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது, அப்பிரிவில் எத்தனையாவது வண்டி என்பவை எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே மிக நயமான உப்புத்தாளை நீரில் நனைத்து, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும், ஓர் அடுக்குக்குப் பின் ஓர் அடுக்காகத் தேய்க்கிறார்கள். பச்சை, அதன் கீழ் வேறொரு பச்சை, பிறகு ஒரு வெள்ளைக் கோட்டின் விளிம்பு. அங்கே கையை நிறுத்தி, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் அடுத்த உள்ளங்கை அளவுக்குப் போகிறார்கள்.